அத்தை ஏறாத லிஃப்ட்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தான். இரண்டு முட்டை வேகப் போட்டான். ரொட்டியின் ஓரங்களை வெட்டித் தான் தின்றான். நடுப்பகுதியை மகளின் டப்பாவில் வைத்து மூடினான். மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டினான். பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு. ஆறரைக்கு மகளை எழுப்பி ஜன்னலோரம் நிறுத்தி உதட்டைப் பார்த்தான். நகங்களைப் பார்த்தான். நீலம் இல்லை. பல் தேய்த்துவிட்டான். தலை வாரினான். ஒன்பது மாதமாகப் பழகியும் ஜடை இடது பக்கமாகவே போனது.

"கோணல்," என்றாள் மகள், கண்ணாடியைப் பார்த்து.

"நீ நேரா நின்னா நேரா இருக்கும்."

"நான் நேராத்தான் நிக்கிறேன். நீங்க வாரினதுதான் கோணல்."

வயது ஐந்து. எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடமாட்டாள். அதனால் அவள் அம்மா வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

பாலை எடுத்துவைக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். கதவில் அந்த அட்டை ஒட்டியிருந்தது. மனைவியின் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, அடியில் பொன்னிற எழுத்தில் அவளுடைய கடைசி வார்த்தைகள்: "எனக்குப் பயம் இல்லை, ஆண்டவர் கூட இருக்கிறார்." நினைவு ஆராதனைக்கு இருநூறு அட்டை அடித்தார்கள். இப்போது தெரிந்தவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒன்று பாக்கியில்லை. பால் எடுக்கும்போதெல்லாம் அவன் அதைப் படிக்கவேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை.

ஏழே முக்காலுக்கு போன் வந்தது.

"சார், குழந்தைங்க இருதயப் பிரிவிலேருந்து பேசுறேன். உங்களுக்குத் தேதி கொடுக்கிறது இது மூணாவது தடவை."

"தெரியும்."

"முதல் தடவை சளின்னு சொன்னீங்க. ரெண்டாவது தடவை ஆபீஸ்ல ஆடிட்னு சொன்னீங்க."

"ஆமா."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போட்டு அட்மிட் பண்ணிட்டா, நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷன் உங்க பொண்ணுக்குத்தான். வரலைன்னா அந்த இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்துருவோம். டாக்டர் வெள்ளிக்கிழமை வெளிநாடு போறார். வர அஞ்சு மாசம் ஆகும். அதுக்குள்ள பொண்ணோட நுரையீரல் கெட்டுப் போச்சுன்னா, அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாது. இதை உங்ககிட்ட மறைக்காம சொல்லச் சொன்னார்."

அவன் ஜன்னலோரம் கிடந்த சீப்பைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நாங்க ஜெபத்துல காத்திருக்கோம்."

போனில் பேசிய பெண் எதையோ எழுதிக்கொள்வது கேட்டது.

"சரி சார். நாலு மணி."

அந்த வாக்கியம் அவனுடையது அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் ஜெபக்குழு அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க தம்பி, ஜெபத்துல காத்திருங்க," என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், கைக்கு அடக்கமான வாக்கியம். சளி என்றால் ஒரு வாரத்தில் போய்விடும். ஆடிட் என்றால் முடிந்துவிடும். ஜெபத்துக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

உண்மையில் அவன் ஜெபம் பண்ணி ஒன்பது மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் எழுந்தால் எழுவான், உட்கார்ந்தால் உட்காருவான். வீட்டில் அத்தை சத்தமாக ஜெபிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு மாற்றவேண்டிய போல்ட்டுகளை நினைத்துக்கொண்டிருப்பான்.

திரும்பினான். அடுக்களை வாசலில் கையில் துண்டோடு அத்தை நின்றிருந்தார்.

அத்தை அவன் மனைவியின் அம்மா. ஐம்பத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. தன் மகள் இறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறார். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பதால் இன்ஸ்பெக்டர் அவரை வீட்டிலும் "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள். அத்தைக்கும் அது பிடித்திருந்தது. வேறு எப்படிக் கூப்பிட்டாலும் வயது கூடிப்போகும் என்ற பயம்.

"யாரு காத்திருக்கா?" என்றார் அத்தை.

"என்ன அத்தை?"

"ஜெபத்துல. யாரு காத்திருக்கான்னு கேட்டேன். நான் இல்லை. 'சீக்கிரம் நடக்கட்டும் ஆண்டவரே'ன்னு நான் நாலு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன். பாஸ்டரும் அதைத்தான் கேக்கறார். அப்ப நீங்க வேற யார்கிட்டயோ ஜெபம் பண்றீங்க போல."

"காலையிலேயே ஆரம்பிக்காதீங்க."

"ஆரம்பிச்சது நீங்க, மாப்பிள்ளை. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. அதுக்கு எதுக்கு ஆண்டவர் மேல பழியைப் போடறீங்க?"

"பயம்னு யார் சொன்னது?"

"சொல்ல வேற வேணுமா? தினமும் புள்ளையை ஜன்னல்ல நிறுத்தி உதட்டைப் பார்க்கறீங்க, துணிக்கடையில கலர் பார்க்கற மாதிரி. இன்னிக்கு நீலம் இல்லை, சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம். நாளைக்கும் இல்லை, சரி. நீலம் வந்தப்புறம் யார்கிட்ட ஓடப் போறீங்க?"

"சின்ன ஆபரேஷன்னுதானே அன்னிக்கும் சொன்னாங்க," என்றான். குரல் உயரவில்லை. "பித்தப்பையில கல்லு. மூணாம் நாள் வீட்டுக்கு வந்துரலாம்னாங்க. எங்க போடணும்னு கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேனாகூட நான்தான் கொடுத்தேன்."

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது. அது அத்தைக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசுவதில்லை.

அத்தை துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார். "அவ எப்படிப் போனா?" என்றார் கடைசியில். "பயப்படலை. எனக்குப் பயம் இல்லைன்னு சொல்லிட்டுப் போனா. அவ புருஷன் நீங்க, இப்படி..."

"அவ அப்படிச் சொல்லலை."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், ஒரு ரொட்டி டப்பாவை மூடுகிற நேரத்தில் வாயைக் கொடுத்துவிட்டான்.

அத்தையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஃபிரிட்ஜ் கதவை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப என்ன சொன்னா?"

அவன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். மூன்றாவது மாடி. முப்பத்தெட்டுப் படி. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபார்க்கிறவன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மகள் படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் தூக்கிக்கொண்டுதான் இறங்குவான், தூக்கிக்கொண்டுதான் ஏறுவான்.

"மிஸ் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை," என்றாள் இன்ஸ்பெக்டர், இரண்டாவது மாடியில்.

"வாயை மூடு."

"நான் கேள்வி கேக்கலை. தகவல் சொன்னேன்."

அந்த அட்டை வந்த கதை இதுதான். அடக்க ஆராதனைக்கு முன்னால் பாஸ்டர் குறிப்பெடுக்க வந்தார். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டார். நல்ல மனிதர். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை முந்திக்கொண்டு, "எனக்குப் பயம் இல்லைன்னு சொன்னா, ஆண்டவர் கூட இருக்கார்னு சொன்னா," என்றார். பாஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஆராதனையில் அதையே பிரசங்கித்தார்கள், பொன்னிறத்தில் அச்சடித்தார்கள். பிறகு யார் அவனைப் பார்த்தாலும் தோளைத் தட்டி, "அவங்களுக்கே பயம் இல்லை, உங்களுக்கு என்ன?" என்றார்கள். பதில் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துத் தட்டினார்கள்.

மனைவி கடைசியாகப் பேசிய நேரத்தில் அத்தை அறையிலேயே இல்லை. படியில் இருந்தார்.

அத்தைக்கு லிஃப்ட் ஆகாது. கல்யாணமான புதிதில் ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து எத்தனை மாடியானாலும் படிதான். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளை லிஃப்ட் கம்பெனியில் என்ஜினீயர் என்று கேள்விப்பட்டதும், "உலகத்துல வேற வேலையே இல்லையா?" என்று கேட்டவர். கல்யாணத்துக்குப் பிறகு, "அத்தை, நானே சரிபார்த்த லிஃப்ட், ஏறுங்க," என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தான். "உங்களை நம்பறேன் மாப்பிள்ளை, அதை நம்பலை," என்பார். தன் மகள் ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் கிடந்த அந்த ஏழு நாளும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கினார். முழங்கால் வீங்கி, இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலையில் மறுபடி ஏறினார்.

அன்றைக்குப் பிற்பகல் வெந்நீர் வாங்க ஃபிளாஸ்கோடு கீழே போயிருந்தார். மனைவி மாஸ்க்கைக் கையால் நகர்த்திவிட்டு அவனிடம் ஒன்று சொன்னாள். ஒரு வேலை சொன்னாள். "சரி, நீ பேசாதே," என்றான் அவன். அந்த வேலையை அவன் செய்யவில்லை. அவள் கையை விட்டுப் போக மனம் வரவில்லை. பத்து நிமிடத்தில் மிஷின் கத்தியது, ஆட்கள் ஓடி வந்தார்கள், அவனை வெளியே தள்ளினார்கள். அத்தை ஃபிளாஸ்கோடு வந்து சேர்ந்தபோது போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

அவள் சொன்னதை அத்தையிடம் சொன்னால் அத்தை தாங்கமாட்டார் என்று நினைத்தான். பயம் இல்லை என்கிற அட்டையோடு அவர் இருந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

வேலை நடந்த இடம் பத்து மாடிக் குடியிருப்பு. மொட்டைமாடியில் லிஃப்டின் மோட்டார் இருக்கிற அறை. கதவைத் திறந்தால் எண்ணெய் வாசனை. போன வெள்ளிக்கிழமை பிரேக் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். தேய்ந்த பட்டையை அன்றைக்கே மாற்றியாயிற்று. இன்று புதன். தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் "பழுது, ஏற வேண்டாம்" என்ற பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பலகையை எடுக்கவேண்டியவன் அவன். கம்பெனியில் ஒரு விதி: வேலை முடிந்ததும் பதிவேட்டில் "ஓடலாம்" என்று எழுதி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். கையெழுத்துப் போட்டவர்தான் முதலில் தனியாக ஏறி, மேலிருந்து கீழே வரை போய் வரவேண்டும். ஆறு வருடமாகப் பேருந்துச் சீட்டுக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இந்த ஒன்பது மாதமாகப் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே போய் நின்றுவிடுகிறது.

"மறுபடியும் எடை ஏத்திப் பார்க்கலாம்," என்றான்.

அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், எந்தச் சட்டை போட்டாலும் பத்து நிமிடத்தில் கறையாக்கிவிடுவதால் கிரீஸ் என்று பெயர் வாங்கியவன், ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஆறு தடவை பார்த்தாச்சுடா. எடை ஏத்திப் பார்த்தோம், இறக்கிப் பார்த்தோம். பாதி வழியில கரண்டை நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடைகூட நகராம நிக்குது. ஏழாவது தடவை போனா அதுக்கே கோபம் வந்துரும்."

"ஒரு தடவைதானே."

"ஒரு தடவை ஒரு தடவைன்னு அஞ்சு நாள் ஆச்சு. எட்டாவது மாடி கணக்கு வாத்தியார் அஞ்சு நாளா தெருவையே பார்க்கலை. முட்டியில ஆபரேஷன் பண்ணவர். நேத்து படிக்கட்டுல எட்டிப் பார்த்துக் கத்தறார், 'எனக்கு ஆயுசு எண்பதுன்னு வச்சுக்கிட்டா மிச்சம் ஏழு வருஷம், அதுல அஞ்சு நாள் உங்களுக்கு'ன்னு."

"ஓடாத லிஃப்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

கிரீஸ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கேலி பண்ணப் போகிறான் என்று நினைத்தான். பண்ணவில்லை.

"காலையில எனக்கு உங்க அத்தை போன் பண்ணாங்க," என்றான் கிரீஸ்.

"எதுக்கு?"

"உன்னை நாலு மணிக்குள்ள விட்டுருவாங்களான்னு கேட்டாங்க. பாப்பா விஷயம் எல்லாம் சொன்னாங்க. நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. பரவாயில்லை." ஸ்பேனரை எடுத்துத் துடைத்தான். துடைத்த துணியைவிட ஸ்பேனர் சுத்தமாக இருந்தது. "எனக்குச் சாமி பூதம் தெரியாதுடா. ஆனா ஒண்ணு தெரியும். இந்தப் பிரேக் சரியா இருக்கு. இதுக்கு மேல இதுகிட்டேருந்து உனக்கு என்ன வேணும்? விழவே மாட்டேன்னு அது உனக்குச் சத்தியம் பண்ணித் தரணுமா?"

 அவன் வாய்வரை வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆமாம், பண்ணித் தரணும். லிஃப்ட் தரணும், டாக்டர் தரணும், ஆண்டவர் தரணும். எழுதி, சீல் வைத்து, கையில் தரணும். தராதவரைக்கும் யாரும் எங்கேயும் ஏறவேண்டாம். இதைத்தான் காலையில் "காத்திருக்கோம்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறான். அவளும் பாவம், சரி சார் என்றிருக்கிறாள்.

பதிவேட்டை இழுத்தான். "ஓடலாம்" என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான். எழுத்து ஜடை மாதிரியே இடது பக்கம் சாய்ந்தது.

பத்தாவது மாடியில் ஏறிக் கதவை மூடினான். தரைத்தளத்துப் பட்டனை அமுக்கினான். தனியாக இருந்தான். லிஃப்ட் இறங்கியது. ஒன்பது. எட்டு. ஜெபம் எப்படி ஆரம்பிப்பது என்று மறந்துபோயிருந்தது. ஏழில் ஆரம்பித்தான், வாய்விட்டே.

"ஆண்டவரே, எனக்கு உம்மேல கோபம். அது போகலை. போன தடவை கெஞ்சினேன், நீர் கேக்கலை. ஏன்னு சொல்லவும் இல்லை. இந்தத் தடவை கேப்பீர்னு எனக்கு ஒரு உறுதியும் இல்லை. ஆனா நான் பயந்துபோய் உக்கார்ந்துக்கிட்டு, உமக்காகக் காத்திருக்கேன்னு ஊரை ஏமாத்தினது தப்பு. அத்தை சொல்றது சரி. அவங்க சரியா சொல்றதுதான் எரிச்சலா இருக்கு. பிள்ளையை உம்ம கையிலதான் கொடுக்கணும், வேற கை என்கிட்ட இல்லை. நாலு மணிக்குப் போறேன். நீரும் வாரும்."

ஆமென் சொல்வதற்குள் தரைத்தளம் வந்து கதவு திறந்தது.

சமாதானம் எதுவும் இறங்கவில்லை.  மறுபடி பத்துக்குப் போய், மறுபடி இறங்கி வந்து, பலகையைக் கழற்றினான். அதற்குள் யாரோ சொல்லி, கணக்கு வாத்தியார் எட்டாவது மாடியில் பட்டனை அமுக்கிவிட்டார். கதவு திறந்ததும் கைத்தடியோடு வெளியே வந்து, அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"வெள்ளிக்கிழமையே ஓடிச்சுன்னு அந்த கிரீஸ் பையன் சொல்றான்."

"ஆமா சார். தப்பு என்மேலதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு அது போதவில்லை. "சரி, சரி," என்று முணுமுணுத்துக்கொண்டு தெருவைப் பார்க்கப் போனார்.

வாசலில் நின்று, லீவு போட்டு வீட்டில் இருந்த அத்தைக்குப் போன் போட்டான். மணி இரண்டே கால்.

"அத்தை, கிளம்பி இருங்க. அவளைப் பள்ளியிலேருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன். துணிமணி ஒரு பையில..."

"பை தயாரா இருக்கு."

"எப்ப எடுத்து வச்சீங்க?"

"முதல் தேதிக்கு ஒரு தடவை கட்டினேன். பிரிச்சேன். ரெண்டாவது தேதிக்குக் கட்டினேன். அப்புறம் பிரிக்கலை. உங்களுக்காகத் தினமும் யாரு கட்டிப் பிரிச்சுக்கிட்டு இருக்கறது?"

அவன் கழற்றிய பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"மாப்பிள்ளை?"

"இருக்கேன்."

"சீக்கிரம் வாங்க," என்றார் அத்தை. குரல் மாறியிருந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

மூன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. அதே ஆஸ்பத்திரி. தரைத்தளத்தில் அதே பச்சை நாற்காலிகள், அதே கவுன்ட்டர். காலையில் பேசிய பெண்ணாகத்தான் இருக்கவேண்டும், படிவத்தை எடுத்து வைத்துவிட்டு, "வந்துட்டீங்களா?" என்றாள். கடிந்துகொள்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் நாற்காலியை அவள்தான் இழுத்துப் போட்டாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

போன தடவை அந்த இடத்தில் கணவர் என்று எழுதினான்.

"அப்பா."

படிவம் மூன்று பக்கம். என்னென்ன ஆகலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. போன தடவை படிக்காமல் கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்தான். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரியில் கண் நின்றது. அந்த வரியையும் படித்தான். பக்கத்தில் அத்தை உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல். அவர் சத்தமில்லாமல் ஜெபித்து அவன் பார்த்ததில்லை.

"எங்க போடணும்?" என்று அவன் கேட்கவில்லை. தெரியும். போட்டான்.

"நான் பார்க்கறேன்," என்று இன்ஸ்பெக்டர் அவன் மடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கோணல்."

"பரவாயில்லை," என்றாள் அந்தப் பெண். "செல்லும். ஆறாவது மாடிக்குப் போங்க. அங்க சிஸ்டர் இருப்பாங்க."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்ட் பட்டனை அமுக்கினான். அத்தை அவனோடு வரவில்லை. நேரே படிக்கட்டுப் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு கையில் ஃபிளாஸ்க்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. நான் பின்னாடியே வந்துடறேன்."

பின்னாடியே என்றால் ஆறு மாடி. அந்த முழங்காலோடு இருபது நிமிடம். அவன் வழக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடுவான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஏழு நாளும் அப்படித்தான் செய்தான். மாமியார் பிடிவாதம், நமக்கென்ன என்று.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவன் ஏறவில்லை. காலை வாசலில் வைத்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"அத்தை. இன்னிக்குப் படி வேண்டாம்."

"வாங்கன்னா வந்துருவேனா? முப்பது வருஷமா ஏறலை."

"தெரியும்."

"இதை நீங்களா சரிபார்த்தீங்க?"

"இல்லை. இது வேற கம்பெனி."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை. மாட்டிக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. கூட நான் இருப்பேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பின்னால் யாரோ, "ஏறுங்க இல்லை வழியை விடுங்க," என்றார்கள். கதவு அவன் காலில் முட்டி முட்டித் திறந்துகொண்டிருந்தது. அவன் நகரவில்லை.

"மிஸ்," என்றாள் இன்ஸ்பெக்டர். "எனக்கு இதயத்துல ஓட்டை. நானே ஏறுறேன்."

அத்தை அவளைப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் கைப்பிடியை விட்டார். கிணற்றில் இறங்குகிறவர் மாதிரி, ஒரு காலை வைத்துப் பார்த்து, மற்ற காலை வைத்து, உள்ளே வந்தார். அவசரப்பட்டவர், "நான் அடுத்ததுல வரேன்," என்று பின்வாங்கிக்கொண்டார். கதவு மூடியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். ஃபிளாஸ்க் மூடி கடகடவென்று ஆடியது. மகள் கை நீட்டி ஆறாம் எண்ணை அமுக்கினாள். அமுங்கியதா என்று இன்னொரு முறை அமுக்கினாள்.

ஒன்று. இரண்டு. கம்பியில் எண்ணெய் குறைவு, லேசாகக் கீச்சென்றது. அவனுக்குக் கேட்டது. சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் நாலாவது மாடியில நின்னேன்," என்றார் அத்தை, கண்ணைத் திறக்காமல். "மூச்சு வாங்கிச்சு. ஃபிளாஸ்கைக் கீழ வச்சுட்டு ஒரு நிமிஷம் உக்கார்ந்தேன். அந்த ஒரு நிமிஷம் உக்காராம இருந்திருந்தா..." மூன்று என்று விளக்கு எரிந்தது. "அட்டையில போட்டது அவ சொன்னது இல்லைன்னு எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. நான் இல்லையே அங்க. எனக்கு எப்படித் தெரியும்? பாஸ்டர் கேட்டாரு, நீங்க ஊமை மாதிரி உக்கார்ந்திருந்தீங்க. அவ அப்படித்தான் சொல்லியிருப்பான்னு நினைச்சேன். சொல்லியிருக்கணும்னு நினைச்சேன். நீங்க தலையாட்டினதும், சரி, அப்படியே சொல்லியிருக்கா போலன்னு நானே நம்பிட்டேன்."

நான்கு.

"இப்பவாவது சொல்லுங்க. வலிக்குதுன்னு சொன்னாளா? பயமா இருக்குன்னு சொன்னாளா? எதுவா இருந்தாலும் சரி."

"அதெல்லாம் சொல்லலை அத்தை. என்கிட்ட ஒரு வேலை சொன்னா. நான் செய்யலை."

"என்ன வேலை?"

ஐந்து. அவர் விரல்கள் அவன் மணிக்கட்டில் பதிந்திருந்தன. அவன் கையைத் திருப்பி, அந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டான். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னான்.

"எங்கம்மா படியிலதான் ஏறி வருவாங்க, முட்டி போயிரும். நீங்க போய் லிஃப்டுல கூட்டிட்டு வாங்க. பயந்தாங்கன்னா கையைப் பிடிச்சுக்கோங்க."